அவரைப் பந்தலில் ஏற்றிய பனிக்காலம்

நலம் பெருகுக. ஒரு பனித்துளிக்குள்ளும் ஒரு கதிரவனை வைத்துக் காட்டும் இறைவன், இவ்வோலையைப் பிரிக்கும் கையையும் படிக்கும் கண்ணையும் கேட்கும் செவியையும் காத்தருள்க. மலையும் வயலும் கடலும் ஒருங்கே உடைய தண்பொழில் நாட்டின் மன்னர், பசித்த வீட்டைத் தம் வீடாக எண்ணும் பெருமகனார், நன்மாவேள் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் ஓலைநாயகம் அறவாணன் எழுதுவது. நாட்டின் எல்லா ஊர்க்கிழார்களும் காண்க. உங்கள் ஏரிகள் நிரம்பியிருக்கட்டும். தொழுவங்களில் கன்றுகள் துள்ளட்டும். உங்கள் ஊரில் எந்த அடுப்பும் அணைந்திருக்க வேண்டாம்.

பனிக்காலம் வரப்போகிறது. வீடுதோறும் கொல்லையில் கறிகாய் இடவேண்டிய பருவம் இது. ஆண்டுதோறும் இதற்காக ஓர் ஓலை வருவதை நீங்கள் அறிவீர்கள்; இவ்வாண்டு ஓலை நீண்டிருப்பதன் காரணத்தையும் நீங்கள் அறியவேண்டும். சென்ற ஆண்டு முகில்பாறை என்னும் மலையூரில் நடந்ததை முழுதும் எழுதி அனுப்பும்படி மன்னர் பணித்தார். அதில் வாய்விட்டுச் சிரிக்க இடமுண்டு. சிரித்து முடித்தபின் சற்றே தலைகுனியவும் இடமுண்டு. அவ்வூரார் பேசியதை அரண்மனைப் பேச்சாக மாற்றாமல், பேசியபடியே எழுதவேண்டும் என்பதும் மன்னரின் விருப்பம்.

சென்ற ஆண்டு கார்த்திகைப் பிறப்பில், அண்டை நாட்டிலிருந்து நன்முடியார் என்னும் தூதர் நம்மிடம் வந்து திரும்பினார். நல்ல பருத்த மேனி, நரைத்த குடுமி, யாரையும் கடிந்து பேசாத வாய். அவர் செல்லவேண்டிய கணவாயைப் பனி மூடிவிட்டதால், தை பிறந்து வழி தெளியும்வரை முகில்பாறையில் தங்கும்படி மன்னர் ஏற்பாடு செய்தார். அச்செய்தியை எழுதிய எழுத்தர் சிக்கனம் மிக்கவர். மீந்த இடம் வீணாவானேன் என்று, அதே ஏட்டில், அதே வரியின் தொடர்ச்சியாக, தோட்ட ஆணையையும் எழுதி முடித்தார். ஏடு இவ்வாறு இருந்தது:

“நன்முடியார் என்னும் பெரியவர் பனிக்காலம் முழுதும் உங்கள் ஊரில் தங்குவார். அவருக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்க. கீரையும் முள்ளங்கியும் கத்தரியும் தரையில் இடுக. அவரை மட்டும் பந்தலில் ஏற்றுக. நழுவாமல் நாரால் கட்டுக. காலையில் அடியில் நீர் வார்க்க. பூச்சி அண்டாமல் சாம்பல் தூவுக. நுனியைக் கிள்ளிவிடுக.”

மன்னர் கருதியது அவரைக்கொடியை. நாட்டின் மற்ற ஊர்களில் யாரும் அதை வேறாகப் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் மலையூரான முகில்பாறைக்குத் தோட்ட ஆணை அதுவரை போனதே இல்லை; அங்கே அவரைக்காய்க்கு அந்தப் பெயரும் இல்லை. அவ்வூர்ப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. ‘அவர்’ என்றாலே வீட்டுக்காரர்தான். ‘அவரை நறுக்கினேன், அவரை வதக்கினேன், உப்புப் போதவில்லை’ என்று காலையும் மாலையும் சொல்லுவது மங்கலம் அன்று என்று, எந்தக் காலத்திலோ அக்காய்க்குக் ‘கொடிக்காய்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இப்போது அவ்வூரில் ‘அவரை’ என்றால் மனிதரைத்தான் குறிக்கும்.

முகில்பாறையின் ஊர்க்கிழார் வேட்டனார். ஆணைக்கு அஞ்சுபவர், அதைவிட அதிகமாகப் பிறர் மனம் நோகுமோ என்று அஞ்சுபவர். அன்றே வந்து சேர்ந்த விருந்தினர் அவர் வீட்டில் இளைப்பாற, கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. ஓலை வாசிக்கும் கொற்றன் பந்தல் வரிக்கு வந்ததும் நின்றான். மறுபடி வாசித்தான்.

“யாரையாம் ஏத்தணும்?” என்று கேட்டாள் வேட்டனாரின் மனைவி எயினி.

“மேல யாரைப் பத்திச் சொல்லியிருக்கோ அவரைத்தான். விருந்தாளியத்தான்.”

“முள்ளங்கியத் தரையில போடணுமாம், மனுசனை மேல ஏத்தணுமாம். நல்லா இருக்குதே கூத்து!”

“மட்டும்னு போட்டிருக்குதக்கா. முள்ளங்கியெல்லாம் கீழ, அவரை மட்டும் மேல. ராசா தெளிவாத்தான் சொல்லியிருக்காரு.”

எல்லோரும் வேட்டனாரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வேறொரு கவலையில் இருந்தார்.

“அவரு எடை பாத்தீங்கல்ல? மூங்கில் தாங்காது. தேக்குக் கால்தான் நடணும்.”

“குளிர்ல வெறச்சுப் போயிருவாருங்களே!” என்றாள் எயினி.

வேட்டனார் கொற்றன் பக்கம் திரும்பினார். “கம்பளம் விரிக்கக் கூடாதுன்னு ஓலையில இருக்குதா?”

“இல்லீங்க.”

“அப்ப விரிக்கலாம். ராத்திரி இறக்கக் கூடாதுன்னு இருக்குதா?”

“அதுவும் இல்லீங்க.”

“அப்ப பொழுது சாஞ்சதும் இறக்கி, வீட்டுக்குள்ள படுக்க வைக்கலாம்.”

கிழார்களே, இந்த மனிதரைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆணை சொன்ன இடத்தில் பணிந்தார்; ஆணை வாய் மூடிய இடத்திலெல்லாம் அன்பு செய்தார். அடியில் நீர் வார்க்க என்றதற்கு, எயினி நாள்தோறும் வெந்நீர் வைத்து விருந்தினரின் பாதங்களைக் கழுவினாள். சாம்பல் என்றதற்குக் கோயில் திருநீறு பூசினார்கள். நாரால் கட்டுக என்றதற்கு, பூத்தொடுக்கும் வாழைநாரை அவர் இடுப்பில் மாலைபோலச் சுற்றிப் பந்தற்காலில் முடிந்தார்கள். தும்மினால் அறுந்துவிடும், அறுந்தால் புதிதாகக் கட்டுவார்கள். நுனியைக் கிள்ளுக என்பதில்தான் பெரிய வழக்கு எழுந்தது. குடுமி நுனி என்றான் கொற்றன். “குடுமியில கைய வச்ச, அப்புறம் தெரியும்!” என்றாள் எயினி. கடைசியில் விரல் நகங்களை வெட்டிவிட்டார்கள்.

அரச ஓலையை அயல்நாட்டாருக்குக் காட்டுவது முறையன்று என்பதால் நன்முடியாரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரோ, உயர்ந்த விருந்தினரை உயரத்தில் அமர்த்துவது இம்மலையின் வழக்கம்போலும் என்று எண்ணிக்கொண்டார். உபசரிப்பவர் மனம் வருந்தக்கூடாது என்று காலையில் தாமே ஏணியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏறும்போது ஏணி முனகும், அவரும் முனகுவார், ஏறியபின் இருவரும் அமைதியாகிவிடுவார்கள்.

பந்தலின்மேல் இருந்தவருக்கு ஊரின் கொல்லைகள் எல்லாம் தெரிந்தன. மலைப்பனிக்குப் பயந்து அதுவரை யாரும் அங்கே கொல்லையில் அதிகம் இட்டதில்லை. ஆணைக்காக இட்டுவிட்டு விழித்துக்கொண்டிருந்தார்கள். நன்முடியார் தோட்டக்கலை அறிந்த நாட்டிலிருந்து வந்தவர். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

“அம்மா, மாலையில தண்ணி ஊத்தாதீங்க! பனியும் ஈரமும் சேந்தா கீரை அழுகிப்போகும். வெயில் ஏறினதும் ஊத்துங்க!” என்று கூவுவார்.

“ஏப்பா, முள்ளங்கிய அவ்வளவு நெருக்கமா விட்டா ஒண்ணுகூடத் தேறாது. பாதியப் பிடுங்கி இலையக் கறி வை!”

“சாமி, என் கத்தரி எப்படி இருக்குது?” என்று கீழிருந்து கேட்பார்கள்.

“எதிர்வீட்டுக் கத்தரியவிட நல்லாருக்கு.”

“எதிர்வீட்டுக்காரன் கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“இதையேதான் சொல்லுவேன்.”

ஊர் சிரிக்கும். இவ்வாறு மார்கழி நடந்தது. ஒருநாள் அவர் எயினியை அழைத்து, தெருக்கோடியில் உயர்ந்த வேலிக்குள் இருக்கும் வீட்டில் மட்டும் பச்சையே தெரியவில்லையே என்று கேட்டார். அது நீலி என்னும் தனித்த பெண்ணின் வீடு. அவள் இட்ட விதையெல்லாம் எறும்பு கொண்டுபோயிருந்தது. வேறு விதை கேட்க நாணி, வேலியைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டாள். தெருவில் நடப்பவர் எவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. அன்று மாலைக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் களைந்த நாற்று ஒரு பிடி நீலியின் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தது. நன்முடியார் மேலே இருந்துகொண்டே, எதை எங்கே நடவேண்டும் என்று கைகாட்டினார்.

எயினியும் ஒரு காரியம் செய்தாள். ஆடியில் ஊன்றிய கொடிக்காய்க் கொடி வேலியோரம் பற்ற இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நல்ல பந்தல் வெறுமனே நிற்கிறதே என்று அதையும் தேக்குக்காலில் ஏற்றிவிட்டாள். கொடி படர்ந்து, ஊதாப்பூ பூத்து, விருந்தினரைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. மனிதர் பாதியும் இலை பாதியுமாக அவர் உள்ளிருந்து பேசினார்.

முகில்பாறையில் மற்றொரு வழக்கம் உண்டு. அரச ஓலையின் ஓர் ஏட்டில் சொன்ன வேலை முடியாமல் அடுத்த ஏட்டைப் புரட்டமாட்டார்கள். செய்யாமல் படிப்பது ஆணையை அவமதிப்பது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போதுதான் இரண்டாம் ஏடு வாசிக்கப்பட்டது.

“தைப்பொங்கலன்று பறித்து, பொடியாக நறுக்கி, பொங்கலோடு படைத்து, ஊரார் யாவரும் பகிர்ந்து உண்க. நாமும் இங்கே அவ்வாறே செய்வோம்.”

கொற்றனின் கையிலிருந்து ஏடு நழுவியது.

“அங்கயும் ஒருத்தரப் பந்தல்ல வச்சிருக்காங்களா?” என்று எங்கிருந்தோ ஒரு குரல் மெல்லக் கேட்டது.

எயினி எழுந்தாள். “நறுக்குறதா? நாளும் நான் கால் கழுவிவிட்ட மனுசனையா? இந்தாங்க, நீங்க கிழாரா இருங்க, ராசாவாவே இருங்க. அவரு மேல கத்தி பட்டா நான் இந்த ஊர்ல இருக்கமாட்டேன்.”

வேட்டனார் வீட்டுக்கு நடந்தார். கொல்லையில் இலைகளுக்குள்ளிருந்து நன்முடியார் குரல் கொடுத்தார்.

“என்ன கிழாரே, முகம் வாடியிருக்கு? நீலி வீட்டு முள்ளங்கி பிடுங்கப் பதமாயிடுச்சு. பொங்கலுக்கு அதைத்தான் முதல்ல படைக்கணும்.”

வேட்டனாரால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உள்ளே போய் விளக்கின்முன் அமர்ந்தார். ‘இதுவரை சொன்னதெல்லாம் அவருக்கு வலிக்காமல் செய்யக்கூடியதாக இருந்தது, செய்துவிட்டேன். இதை எப்படி வலிக்காமல் செய்வது? இதற்குக் கம்பளம் எங்கே விரிப்பது?’ என்று இறைவனைக் கேட்டார். பதில் அவருக்குள்ளேயே இருந்தது. கணவாய் இன்னும் மூடிக்கிடந்தது; விருந்தினரை அனுப்ப வழியில்லை. ஆணையை மறுத்தால் கிழாரின் தலை போகும் என்பது அவர் அச்சம். அதை ஏற்றுக்கொண்டு கொற்றனை எழுதச் சொன்னார்.

“மன்னர் பெருமானுக்கு முகில்பாறை வேட்டன் வணங்கி எழுதுவது. மற்ற ஆணையெல்லாம் நிறைவேற்றினோம். அவரை நறுக்கமாட்டோம். இவ்வூரில் கத்தி எடுக்க ஒருவரும் இல்லை. இதற்கு ஒரு தலை வேண்டுமென்றால் என் தலை இருக்கிறது.”

தம் பதவிக்கு அடையாளமான கிழார்கோலையும் அவ்வோலையோடு சேர்த்து அனுப்பிவிட்டார்.

அது அரசவையில் வாசிக்கப்பட்டபோது இவ்வோலை எழுதும் நானும் இருந்தேன். அவரைக்காய் நறுக்கச் சொன்னதற்கு ஒரு கிழார் தலையைத் தருகிறாரே என்று அவையோர் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. “பாவம், ஏழை மலையூர். நறுக்கக் கத்திகூட இல்லாமல் எவ்வளவு மனம் நொந்து எழுதியிருக்கிறார்!” என்று இரங்கினார். உடனே மடைப்பள்ளித் தலைவர் பூவனாரை அழைத்து, தீட்டிய அரிவாள்மணைகளை வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு, ஆட்களோடு போய்ப் பொங்கலுக்குள் அவ்வூருக்கு உதவும்படி பணித்தார். கிழார்கோலையும் திருப்பி அனுப்பினார்.

போகியன்று வண்டி முகில்பாறை ஏறியது. வெயிலில் கத்திகள் பளபளவென்று மின்னின. ஊர் முழுதும் வேட்டனாரின் கொல்லைக்கு ஓடிப் பந்தலைச் சுற்றிக் கைகோத்து நின்றது. பூவனார் பசியோடும் பயணக் களைப்போடும் வண்டியிலிருந்து குதித்தார்.

“யோவ், எங்கேய்யா அவரை? மன்னர் ஆணை. நறுக்கி முடிச்சுட்டுத்தான் நான் சாப்பிடவே உட்காருவேன்.”

வேட்டனார் முன்னே வந்து மண்டியிட்டுத் தலையைக் குனிந்தார். “முதல்ல என்னை நறுக்குங்க.”

“உன்னை எதுக்குய்யா நறுக்கறேன்? உன்னைப் பொரியலா வைக்க முடியும்?”

“என்னையும் நறுக்கு!” என்று எயினி அவர் அருகில் வந்து நின்றாள். அடுத்து நீலி வந்தாள். அடுத்து, நடுங்கிக்கொண்டே கொற்றன் வந்தான்.

பூவனார் தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “என்னடா இது, ஊரே பைத்தியமா இருக்கு? ஒரு கூடை அவரைக்கா இத்தனை அழுகை?”

“கூடையா?” என்றார் வேட்டனார், தலை நிமிராமல்.

அப்போது பந்தலின் இலைகள் விலகின. திருநீறு துலங்கும் நெற்றியோடு நன்முடியார் எட்டிப் பார்த்தார். கையில் ஒரு கொத்துக் காய். “ஐயா, இந்த அவரையையா கேக்கறீங்க? நானும் நாலு நாளா சொல்லணும்னுதான் இருந்தேன். இதுக்கு மேல விட்டா முத்திப்போகும்.”

வேட்டனார் அந்தக் கொத்தைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி கொத்தைப் பார்த்தார்.

“இதுவா... அவரை?”

“எங்க ஊர்ல அவரைன்னுதான் சொல்லுவோம். நீங்க வேற ஏதாச்சும் சொல்லுவீங்களா?”

எயினிதான் முதலில் சிரித்தாள். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபின் அழுதாள். வேட்டனார் பந்தற்காலைக் கட்டிக்கொண்டு விம்மினார். காரணம் தெரியாமலே நன்முடியாரும் கலங்கி, விரைந்து இறங்கப் பார்த்து, ஏணியின் கடைசிப் படியை ஒடித்தார். நடந்ததைக் கொற்றன் விளக்கிச் சொன்னபோது, அவர் தம் பாதங்களையும் வெட்டிய நகங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, இது உங்க ஊர் வழக்கமே இல்லையா?” என்று கேட்டார். பிறகு, “இருந்தா நல்லாருக்கும்” என்றார்.

மறுநாள் பூவனாரின் அரிவாள்மணைகளில் ஊர்ப்பெண்கள் எல்லோரும் அமர்ந்து நறுக்கினார்கள். அவரைப் பொரியலும் முள்ளங்கிச் சாறும் கத்தரிக் கூட்டும் கீரை மசியலும் பொங்கலோடு படைக்கப்பட்டன. அரண்மனைச் சமையற்காரர்களுக்கு அன்று கை நனைக்கக்கூட இடம் கொடுக்கவில்லை. உண்ணும் வேலை மட்டுமே கொடுத்தார்கள்.

கணவாய் தெளிந்ததும் நன்முடியார் தம் நாடு சென்றார். வேட்டனார் ஒரு கூடை காயோடு தலைநகர் வந்து மன்னரைக் கண்டார். முழுக்கதையும் கேட்டு மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின், ஆணைக்கு இவ்வளவு அஞ்சுபவர் கடைசி ஆணையை மட்டும் ஏன் மறுத்தார் என்று கேட்டார்.

“எங்க வீட்டுச் சோறு தின்னவருங்க” என்றார் வேட்டனார்.

அப்படியானால் முதல் ஏட்டைப் படித்தபோதே, ஒரு பெரியவரைப் பந்தலில் ஏற்றச் சொல்கிறார்களே, இது என்ன என்று ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாமே என்றார் மன்னர்.

வேட்டனார் தயங்கினார். பிறகு மெல்லச் சொன்னார்: “ராசாவ எப்படிங்க கேக்கறது?”

அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மன்னர் தம் முத்திரை மோதிரத்தைப் பார்த்தார். தம் முத்திரையைக் கண்டால் நல்லவர் ஒருவர்கூட, மனிதனை நறுக்கச் சொன்னாலும் அது மன்னர் சொல்லியிருக்கக்கூடியதே என்று நம்புகிறார். தலையைக் கொடுக்கத் துணிகிறார், ஒரு கேள்வி கேட்கத் துணியவில்லை. இது அவ்வூராரின் குறை அன்று, தம் குறை என்று மன்னர் அவையறியச் சொன்னார். பிறகு இறங்கிவந்து வேட்டனாரைத் தம் பக்கத்தில் அமர்த்தி, அக்கூடையிலிருந்த காயைத் தாமே நார் உரித்தார். பேச்சு அவ்வளவு எளிதாக வராதபோது, இருவர் சேர்ந்து செய்ய ஒரு சிறு வேலை இருப்பது நல்லது.

ஆகவே இவ்வாண்டுக்கான ஆணை இது. மழை ஓய்ந்து மண் கையில் ஒட்டாத ஈரத்துக்கு வந்ததும் கொல்லையைக் கொத்தி, தொழுவுரம் இட்டு, கீரை, முள்ளங்கி, கத்தரி, கொத்துமல்லி இவற்றை விதைக்க. கொல்லை இல்லாதவர் உடைந்த பானையிலும் வேலியோரத்திலும் இடுக, அதுவும் தோட்டமே. வெயில் ஏறியபின் நீர் விடுக. செடியடியில் வைக்கோல் பரப்பினால் குளிர் தாங்கும். அவரைக்காய்க் கொடியைப் பந்தலில் ஏற்றி, அதன் தளிர்நுனியைக் கிள்ளி, அசுவுணிப் பூச்சி கண்டால் அடுப்புச் சாம்பல் தூவுக. களைந்த நாற்றை எறியாமல், வேலி உயர்ந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுக. கேட்க நாணுபவர் அங்கேதான் இருப்பார். விருந்தினர் வந்தால் தரையில் நல்ல பாய் விரித்து அமர்த்துக. உயரத்தில் அமர அவரே விரும்பினால் தடுக்கவேண்டாம்.

இதற்கும் மேலான ஆணை ஒன்று உண்டு. நம் முத்திரையோடு வரும் எந்த ஓலையும் ஓர் உயிரை வருத்தச் சொல்வதுபோல் தோன்றினால், அதைச் செய்யாமல் நிறுத்திவைத்துக் கேட்டனுப்புக. கேட்பவர் ஆணையை மீறியவர் ஆகார். நம் சொல்லை நம்மிடமிருந்து காத்தவர் ஆவார். முகில்பாறை வேட்டனாரின் கிழார்கோல் அவரிடமே நிற்கும். அவருக்குப்பின்னும் அவ்வூர் விரும்புபவரிடம் நிற்கும்.

இவ்வாணை பனி பெய்யும் நாளெல்லாம் நிற்க. பயிர் தழைக்கும் இடமெல்லாம் செல்க. தண்பொழில் மன்னர் நன்மாவேள் தம் கையால் இட்ட இலச்சினை இது. இதில் ஒரு சொல் விளங்காவிட்டாலும் விதையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆளை அனுப்புக. அரண்மனைக் கதவு திறந்திருக்கும். வருபவருக்கு முதலில் சோறு, பிறகு விடை.